சின்னம் யாருடையதோ வாக்கும் அவருடையது

2019 டிசம்பர் 11 அன்று இரவு மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்த 125 பேரில் 11 பேர் அ.தி.மு.க. உறுப்பினர்கள்; ஒருவர் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ். இந்த 12 வாக்குகளும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 113க்கு 117 என்று மசோதா தோற்றிருக்கும் என்னும் கணக்கை அப்போது பேசாத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை. சேலத்தில் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் சூடு இருந்தது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி எங்கள் மாவட்டத்துக்காரர், பா.ம.க.வோ மேட்டூர், ஓமலூர்ப் பக்கம் ஆழ வேரூன்றிய கட்சி. டெல்லியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தால், ஆதரித்தவர் எத்தனை பேர், எதிர்த்தவர் எத்தனை பேர், வராதவர் யார், எழுந்து போனவர் யார் என்று தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது தொழில் தந்த பழக்கம். அப்படிக் கூட்டிப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பெரிய கட்சி கொண்டுவரும் மசோதாவுக்குச் சிறிய கட்சி எப்படி வாக்களிக்கும் என்பது அவையில் மணி ஒலிக்கும் நேரத்தில் முடிவாவதே இல்லை. கூட்டணியில் சீட்டு பேசி, எந்தச் சின்னத்தில் நிற்பது என்று கையெழுத்துப் போடும்போதே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கட்சியிடம் மிஞ்சும் பலத்தை அவைக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது.

சிறிய கட்சி, பெரிய கட்சி என்பது எந்த அவையில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளும் கட்சியாக இருந்து கூட்டணிக் கட்சிகளுக்குச் சீட்டுப் பிரித்துக் கொடுத்த அ.தி.மு.க., அதே ஆண்டில் மாநிலங்களவையில் 11 பேரோடு ஒரு சிறிய கட்சியாகத்தான் உட்கார்ந்திருந்தது. சென்னையில் மற்றவர்களிடம் எதை எதிர்பார்த்ததோ அதையே டெல்லியில் தானும் செய்ய வேண்டிய இடத்தில் இருந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியதை இங்கே பலரும் முறுவலோடு படித்தார்கள்.

இனி சின்னத்துக்கு வருகிறேன். சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தவை, மேட்டூர் தருமபுரியோடு, சங்ககிரி நாமக்கல்லோடு, மற்றவைதான் சேலம். நாமக்கல்லில் 2019இலும் 2024இலும் வென்றவர்கள் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைச் சேர்ந்தவர்கள்; ஆனால் இரண்டு முறையும் அவர்கள் நின்றது உதயசூரியன் சின்னத்தில். சங்ககிரியில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து அந்தப் பொத்தானை அழுத்திய ஒருவர், தான் ஒரு கொங்குக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அப்படி நினைப்பதில்லை. எந்தக் கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினராகத்தான் அவை அவரைக் கணக்கிடுகிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அவருக்கு வரும் கொறடா உத்தரவு தி.மு.க.வினுடையது. அதை மீறி வாக்களித்தாலோ, முன் அனுமதியின்றி வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 15 நாட்களுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால் பதவி பறிபோக வழி உண்டு. தன் சொந்தக் கட்சி என்ன தீர்மானம் போட்டிருக்கிறது என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு பொருட்டே அல்ல.

2021இல் அமைந்த தமிழ்நாடு சட்டமன்றத்தில் தி.மு.க.வின் பலம் 133 என்று எழுதப்பட்டது. அதில் 8 பேர் உதயசூரியனில் நின்று வென்ற தோழமைக் கட்சியினர்: ம.தி.மு.க. 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. அதற்கு முந்தைய அவையில் இரட்டை இலையில் நின்று வென்ற தமிமுன் அன்சாரி, தனியரசு, கருணாஸ் ஆகிய மூவரும் தத்தம் அமைப்புகளின் தலைவர்கள்தாம். எனினும் 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றபோது, மூவரும் அந்த 122க்குள்தான் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், முதலமைச்சரை மாற்றக் கோரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேரின் பதவி பறிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவர்கள் அவையில் மாற்றி வாக்களிக்கக்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு இரவல் சின்னத்தில் வந்தவர் யாராவது துணிந்து எதிர்ப் பொத்தானை அழுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல.

இந்தக் கட்டுப்பாடு தெரிந்ததால்தான் சில கட்சிகள் சின்னத்துக்காகப் பிடிவாதம் பிடிக்கின்றன. 2019இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் இரண்டு வேட்பாளர்களில் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்திலும், ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனிலும் நின்று வென்றார்கள். ஒரே கட்சியின் இருவர் ஒரே அவையில் இரண்டு கட்சிக் கணக்கில் அமர்ந்தார்கள். 2021இல் அக்கட்சி பானையிலேயே நின்று 4 இடங்களை வென்றது. 2024இல் இரண்டு மக்களவைத் தொகுதிகளையும் பானையிலேயே வென்று மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்துக்குத் தகுதி பெற்றது. ம.தி.மு.க.வின் துரை வைகோ 2024இல் திருச்சியில் தீப்பெட்டிச் சின்னத்தில்தான் நிற்பேன் என்று உறுதியாக இருந்து வென்றார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் கௌரவப் பிரச்சினையாகத் தோன்றும். என் கணக்கில் இது ஐந்தாண்டு முழுவதற்குமான ஒரு வாக்குரிமையின் விலை.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் 52ஆவது திருத்தமாக வருவதற்கு முன் நிலைமை வேறாக இருந்தது. அதற்கு உதாரணம் தேட எங்கேயும் போக வேண்டியதில்லை. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, சேலம் நகராட்சியின் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானபோது, 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்திருந்தவை 152தான். மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 பேர், ராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 பேர். காமன்வீல் கட்சி ராஜாஜியை ஆதரித்தது, மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார். படையாட்சியார் பின்னர் 1954இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். 1952 ஜூலையில் 200க்கு 151 என்று ராஜாஜி நம்பிக்கை வாக்கு பெற்றதற்கு இப்படிச் சேர்ந்த சில்லறை ஆதரவுகளே காரணம்.

அதே அவைதான் மறு ஆண்டில் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியது. பள்ளியில் அரை நாள், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற அவருடைய கல்வித் திட்டம், எதிர்ப்பாளர்களால் குலக்கல்வித் திட்டம் என்றே அழைக்கப்பட்டது. 1953 ஜூலை 29 அன்று அதைக் கைவிடக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இரு பக்கமும் 138 வாக்குகள். அதையடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஓர் அரசின் முதன்மைத் திட்டம் தடைபட்டது. இன்றைய சட்டத்தின் கீழ் அந்த எண்கள் விழுந்திருக்கவே மாட்டா. இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் சில நாட்களுக்குள் கட்சி மாறி மாறிப் போய் வந்த கூத்துக்குப் பிறகு ஒரு தடை தேவைப்பட்டது உண்மைதான். தடை போட்டவர்கள், கட்சி மாறுவதையும் ஒரு மசோதாவில் மாறுபட்டு வாக்களிப்பதையும் ஒரே குற்றமாகச் சேர்த்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

சொந்தச் சின்னத்தில் நின்று வென்ற கட்சிகளும், கூட்டணியைப் பகைத்துக்கொள்ள முடியாதபோது, வெளிநடப்பு என்ற ஒரு வழியைக் கையாள்கின்றன. தொண்டர்களிடம் எதிர்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்; கூட்டணித் தலைமையிடம் தடுக்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவையில் வந்திருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையே போதும் என்பது அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு. ஆகவே எழுந்து போகிறவர் தன் வாக்கை மட்டும் இழப்பதில்லை. எதிராளி தாண்ட வேண்டிய வேலியின் உயரத்தையும் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். குடியுரிமை மசோதாவையே எடுத்துக்கொள்வோம். அந்த 12 பேரும் எழுந்து வெளியே போயிருந்தால் கணக்கு 113க்கு 105. மசோதா அப்போதும் நிறைவேறியிருக்கும். அவர்கள் மீது அன்று வைக்கப்பட்ட குற்றச்சாட்டு மட்டும் இல்லாமல் போயிருக்கும்.

அதே 2019ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99க்கு 84 என்று நிறைவேறியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆளும் கூட்டணிக்கு அப்போது அங்கே பெரும்பான்மை இல்லை. அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் எதிர்ப்பதாகச் சொல்லி வெளிநடப்புச் செய்தன. வேறு சில கட்சிகளின் உறுப்பினர்கள் வரவே இல்லை. வித்தியாசம் 15 வாக்குகள். எதிர்ப்பதாகச் சொன்ன அந்த இரண்டு கட்சிகளும் இருக்கையில் உட்கார்ந்து எதிர்த்திருந்தால் அந்த 15 கரைந்திருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதற்குச் சில நாட்களுக்கு முன் மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் அதே மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார்.

என் தொழிலைத் தொட்ட ஜி.எஸ்.டி. திருத்தத்தின் கதையும் இதுவே. மாநிலங்களின் வரி உரிமை பறிபோகிறது என்று தொடர்ந்து கடுமையாக எதிர்த்த கட்சி அ.தி.மு.க. 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது அக்கட்சி வெளிநடப்புச் செய்தது. ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம் என்று பதிவாயிற்று. தமிழ்நாட்டின் மறுப்பு அந்தப் பதிவில் ஒரு வாக்காகக்கூட இல்லை. இன்று கொலுசுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி என்று பட்டறைக்காரர்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுக்கும்போது, "அன்னிக்கு யாருமே வேண்டாம்னு சொல்லலீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சொன்னார்கள், ஆனால் வாக்காகச் சொல்லவில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அவருடைய தேநீர் ஆறிவிட்டது.

மாறாக, 2019 ஜனவரி 8 அன்று பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 323க்கு 3 என்று நிறைவேறியது. அந்த மூவர் முஸ்லிம் லீக்கின் இருவரும், அசதுதீன் ஒவைசியும். அவர்கள் தோற்கப்போவது அவர்களுக்கே தெரியும். இருந்தாலும் மக்களவை மேசையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும்போது சிவப்பை அழுத்தினார்கள். அந்த 3 என்ற எண் இன்னும் பதிவில் நிற்கிறது. அவர்களுடைய கொள்கையோடு எனக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு. சிறிய கட்சி செய்யக்கூடிய நேர்மையான காரியம் இதுவென்றே நினைக்கிறேன். தோற்கிற பக்கத்து ஒற்றை வாக்கையும் இளப்பமாக எண்ணக் கூடாது என்பதற்கு 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் மாநிலங்களவையில் வீழ்ந்த கதை போதும். ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224இல், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு முழு வாக்குகூட அல்ல, அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் இந்திரா காந்தியின் மசோதா தோற்றது.

எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு நடந்தால்தான் இவையெல்லாம் நமக்குத் தெரியவரும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று அவைத்தலைவர் கேட்பார், ஏற்போரே அதிகம் என்பார், அவ்வளவுதான். 2023இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா மணிப்பூர் அமளிக்கு நடுவில் இரு அவைகளிலும் இப்படித்தான் நிறைவேறியது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்கும் காப்புக்காட்டுக்கும் இடையே ஒட்டிக் கிடக்கும் ஊர் ஒன்றில், எனக்குப் பழக்கமான மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே பத்தடியில் வனத்துறையின் எல்லைக்கல். இந்தச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது, "நாம ஓட்டுப் போட்ட கட்சி இதுக்குக் கைதூக்குச்சாங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை. பெயர்ப்பட்டியலே எடுக்கப்படாத வாக்கெடுப்பில் நான் எதைப் பார்த்து அவருக்குப் பதில் சொல்வது? டிவிஷன், அதாவது எண்ணிப் பதிவுசெய்யும் வாக்கெடுப்பு, கேட்டு அழுத்தம் கொடுப்பது சிறிய கட்சிக்கும் இயலும். பேசக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தை முழக்கத்தில் செலவிடுவதைவிட அது பயனுள்ளது.

எண்ணிக்கையில் பயனற்ற எதிர்ப்பும் சில நேரம் வென்றுவிடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் உட்பட ஆளும் கூட்டணியின் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மேலே சொன்ன 8 பேரைக் கழித்தாலும் தி.மு.க.வுக்கு 125 பேர்; தேவையோ 118. தோழமைக் கட்சிகள் அனைத்தும் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் அரசுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆயினும் மூன்றே நாளில், 24ஆம் தேதி, சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நூற்பாலைகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் அந்த மூன்று நாட்களும் ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் வேறு பேச்சே இல்லை. அவையில் செல்லாத வாக்கு, தொழிற்சங்கத்தின் கொடியோடு சேர்ந்தபோது செல்லுபடியானது. வரவிருந்த தேர்தலில் அந்தக் கட்சிகளின் தயவு தேவை என்பதும் இதில் ஒரு பங்கு.

இதன் மறுபக்கம் எங்கள் மாவட்டம் நேரில் கண்டது. வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் 2021 பிப்ரவரி 26 அன்று நிறைவேறியது. அன்றே தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது; மறுநாள் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வுக்கு 23 தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. அந்தச் சட்டம் நிறைவேறிய அவையில் பா.ம.க.வுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. 2016இல் எங்குமே வெல்லாத கட்சி, ஒரு வாக்கும் போடாமல் ஒரு சட்டத்தைப் பெற்றது. 2006இல் தி.மு.க. 96 இடங்களோடு ஆட்சி நடத்தி, 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதாவால் ஐந்து ஆண்டும் ஏளனம் செய்யப்பட்டபோது பா.ம.க.வுக்கு 18 பேர் இருந்தார்கள். அந்த 18 பேரால் ஆகாத காரியம், ஒருவரும் இல்லாதபோது ஆயிற்று. ஆனால் பேரத்தில் பிறந்த சட்டத்துக்கு அவையில் தீர விவாதம் கிடைப்பதில்லை. 2021 நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும், தனிப்பிரிவாகப் பிரிக்கப் போதிய அடிப்படை காட்டப்படவில்லை என்று அதை உறுதிசெய்தது. தரவு எங்கே என்று அவையிலேயே ஒரு சிறிய கட்சி எழுந்து கேட்டு, அரசு அதைத் தேடி எடுத்திருந்தால் அந்தச் சமுதாயத்துக்கே நல்லதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஓமலூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலருக்கு இதில் என்மேல் கோபம் உண்டு.

கொறடாவை அடியோடு ஒழித்துவிட்டால் போதும் என்று சொல்பவர்களுக்கு 2025 ஏப்ரலில் மாநிலங்களவையில் வக்பு திருத்த மசோதா வந்தபோது நடந்ததைக் காட்டுவேன். பிஜு ஜனதா தளம் கொறடா உத்தரவு போடாமல், மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விட்டுவிட்டது. மசோதா 128க்கு 95 என்று நிறைவேறியது. கட்சிக்குள் பூசல் வெடித்தது. வாக்களிக்கும் சுதந்திரத்தோடு, ஏன் அப்படி வாக்களித்தேன் என்று தொகுதிக்குச் சொல்லும் கடமையும் வர வேண்டும். அது இல்லாத சுதந்திரத்தைப் பெரிய கட்சி எளிதாக விலைபேசிவிடும்.

இடைவழி ஒன்று உண்டு, அது புதிதும் அல்ல. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கொறடா உத்தரவு செல்லட்டும், மற்ற மசோதாக்களில் உறுப்பினர்கள் விருப்பப்படி வாக்களிக்கட்டும் என்ற கருத்தில் 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. 1999இல் சட்ட ஆணையமும் ஏறத்தாழ இதையே சொன்னது. மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவாகவே இதைக் கொண்டுவந்தார். எதுவும் சட்டமாகவில்லை. பத்தாவது அட்டவணையைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அத்தனை வாக்குகளைத் தரக்கூடியவை பெரிய கட்சிகள் மட்டுமே. அந்தக் கட்சிகளோ அந்த மசோதாவுக்கும் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு பிறப்பித்துத்தான் வாக்களிக்கச் செய்யும்.